நின்றதா, நிறுத்தினாரா

அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்தக் காரை மெக்கானிக்கான தம்பியின் பட்டறைப் பக்கம் கொண்டுவந்ததே இல்லை. "உன்கிட்ட வந்தா நல்ல பல்லையும் சேத்துப் புடுங்கிடுவ" என்பார். லிஃப்ட் பழுது பார்த்துப் பிழைத்தவர் அவர். மோட்டாரும் ரிலேயும் பழகிய கை, காரை மட்டும் சும்மா விடுமா? விடுமுறை நாளானால் பானெட்டைத் திறந்து எதையாவது நோண்டிக்கொண்டிருப்பார். தம்பியும் சளைத்தவரில்லை. "லிஃப்ட்காரர் தொட்ட வண்டி மேலயும் போகாது, கீழயும் வராது" என்று திருப்பிக் கொடுப்பார்.

அவர் போன பிறகுதான் வண்டி பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவள் அண்ணன் மகள்.

"எங்க அண்ணன் அப்பா வண்டிய விக்கப் போறானாம் சித்தப்பா. மஞ்சள் விளக்கு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அத அணைச்சு வாங்கிட்டு வரச் சொன்னான்."

"அணைக்கிறதுதான்னா வீட்டுலயே ஊதி அணைச்சிருக்கலாமே" என்றார் பக்கத்துத் தடுப்பில் வயர் சீவிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன். பட்டறையில் அவருக்குக் 'கரண்டு' என்று பெயர். சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு வயரில் குனிந்துவிட்டார்.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடிக்கவில்லை. இழுத்து, இழுத்து, மனமில்லாமல் எழுந்திருக்கிறவன் மாதிரி எழுந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். திரையில் ஒரே ஒரு பிழை: கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. பார்த்தார், தலையாட்டினார், கட்டைவிரல் 'அழி' என்ற பொத்தானை அழுத்திவிட்டது.

இந்தத் தொழிலில் அது மூச்சு விடுவது மாதிரி. பிழையைப் பார், அழி, ஓட்டு. திரும்பி வந்தால் நோய், வராவிட்டால் வெறும் தும்மல். எத்தனையோ வருடமாக அந்த விரல் யாரையும் கேட்காமலே அழுத்திக்கொண்டிருக்கிறது.

"என்ன சித்தப்பா அது?"

"பெருசா ஒண்ணுமில்ல பாப்பா. என்ஜினுக்குள்ள ரெண்டு தண்டு சுத்துது. கிராங்க்னு ஒண்ணு, கேம்னு ஒண்ணு. அது ரெண்டு சுத்து சுத்துனா இது ஒரு சுத்து. கேம் இப்ப எங்க நிக்குது, எந்த சிலிண்டரோட முறைன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் இந்த சென்சார். உள்ள எங்கயோ விரிசல் விட்டிருக்கும். சூடானா விரிசல் விரியும், பேச்சு நின்னுடும். சில வண்டி அப்பவும் நொண்டிக்கிட்டே ஓடும். இந்த வண்டி ஓடாது. போய்க்கிட்டு இருக்கும்போதே செத்துடும்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்க்கிட்டு இருக்கும்போதேவா? தானாவா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் மெக்கானிக் தன் கையில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தார். திரை சுத்தமாக இருந்தது. 'பிழை எதுவும் இல்லை.'

அவள் எதைக் கேட்கிறாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்பே ஒரு கல்யாணம் ஆகி முறிந்தவரை அவள் கட்டிக்கொண்டதில் அப்பாவுக்கு உடன்பாடில்லை. "அந்த வாசல்படிய மிதிக்க மாட்டேன்" என்றவர், சொன்ன சொல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் காலையில் அவரே மகளுக்குப் போன் செய்தார். "மதியம் வரேன். தடபுடலா ஒண்ணும் பண்ணி வைக்காத." அவ்வளவுதான் பேச்சு. மதியம் போய்ச் சாயங்காலம் ஆனது. அவர் வரவில்லை. பாலத்து இறக்கத்தில், குளிர்பதனக் கிடங்கின் மதிலோரம், வண்டியை ஒதுக்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தார். மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்து அவள் தெருமுனை கூப்பிடு தூரம். கதவைத் திறந்து அவரை இறக்கியவர்களில் யாரோ சாவியை உருவியிருக்கிறார்கள். அதற்கு முன் அது ஆன் பக்கம் இருந்ததா, ஆஃப் பக்கம் இருந்ததா என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் கூடத்தில், இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அவள் அண்ணன் சொன்னான்: "வாசல் வரைக்கும் வந்துட்டாரு. உள்ள வர மனசு வரல. வண்டிய நிறுத்திட்டு அங்கயே உக்காந்து குமுறியிருக்காரு. அதுலயே போயிட்டாரு."

நிறுத்திட்டு. அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"சொல்லுங்க சித்தப்பா. அன்னைக்கு வண்டி நின்னுச்சா, அப்பா நிறுத்தினாரா? இந்த மெஷின்ல தெரியுமா?"

மெக்கானிக் பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது.

"தெரிஞ்சிருக்கலாம்" என்றார். "பிழை விழற நேரத்துல வண்டி என்ன வேகத்துல போச்சு, எவ்வளவு சூடுன்னு அடுத்த பக்கத்துல ஒரு கணக்கு நிக்கும். ஓடிக்கிட்டு இருந்துதா இல்லையான்னு அதுல பாத்திருக்கலாம்."

"எங்க, காட்டுங்க."

"அழிச்சுட்டேன் பாப்பா."

"எப்ப?"

"இப்பதான். நீ கேக்கறதுக்கு முன்னாடி. பழக்கத்துல கை போயிடுச்சு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "விளக்கு அணைஞ்சுடுச்சுல்ல?" என்று மட்டும் கேட்டாள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"அது அன்னைக்கு விழுந்ததா, அதுக்கு முன்னாடியே விழுந்ததான்னும் தெரியாது" என்றார் மெக்கானிக். சொல்லும்போதே அது சமாதானம் போல ஒலித்ததால் பாதியில் விட்டுவிட்டார்.

கரண்டு எழுந்து வந்தார். வழக்கமான வாய் இல்லை. "முதல்ல சென்சார்தானா, வயரா பாத்துருவோம் அண்ணே" என்றார். இருவரும் வேலையில் இறங்கினார்கள். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறவில்லை. மூன்று வயரிலும் மீட்டரை வைத்தார்கள். வர வேண்டிய மின்சாரம் ஒழுங்காக வந்தது. திரும்ப மாட்டி என்ஜினை ஓடவிட்டு, கரண்டு தன் தடுப்பிலிருந்து தலைமுடி காயவைக்கும் டிரையரை எடுத்துவந்தார். "பொண்டாட்டி தேடிக்கிட்டு இருக்கா, நீங்க பாத்ததா சொல்லிடாதீங்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்றாலும் முகம் கொஞ்சம் இளகியது.

சென்சாரின் மேல் சூடான காற்றைப் பிடித்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என்ஜின் ஒரு முறை இருமியது. சட்டென்று செத்தது. பட்டறை முழுக்க அமைதி. ஈரத் துணியை அதன் மேல் போட்டுக் காத்திருந்து சாவியைத் திருப்ப, மறுபடி உயிர் வந்தது.

"சென்சார்தான்" என்றார் கரண்டு.

"அப்ப நின்னுருக்கு" என்றாள் அவள்.

"நிக்கக்கூடிய வண்டி. அது வரைக்கும் சத்தியம்" என்றார் மெக்கானிக். "அன்னைக்கு அந்த இடத்துல நின்னுச்சான்னு நான் எப்படிம்மா சொல்வேன்?"

"ஓட்டிப் பாக்கலாம். அப்பா வந்த வழியில, அதே மதிய நேரத்துல. இந்தப் பழைய சென்சாரோடவே."

மெக்கானிக்குக் கூடாது என்றுதான் பட்டது. ஆனால் அழித்த விரல் அவருடையது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உதிரிபாகக் கடைக்கு ஆள் அனுப்பிப் புது சென்சார் வரவழைத்து, ஸ்பேனரோடு சேர்த்துப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டார்.

இறந்துபோன அண்ணனின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினார்கள். அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில். ஜன்னலை ஏற்றிவிட்டார்கள், அண்ணன் காற்று பட்டால் தலைவலிக்கிறது என்று எப்போதும் ஏற்றியே வைத்திருப்பார். வேகமும் அவருடைய வேகம்தான், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே களைத்துப்போகும் வேகம்.

"அன்னைக்குப் போன் பண்ணிப் பாத்தியா நீ?" என்று வழியில் கேட்டார்.

"இல்ல. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு வீம்பா உக்காந்திருந்தேன். வராதது அவரு வீம்புன்னு நெனச்சேன்."

"அவரும் யாருக்கும் பண்ணல."

"ஏன் சித்தப்பா?"

"நின்ன வண்டிக்கு ஆறுனா உயிர் வரும்னு அவருக்குப் பழகியிருக்கும். ஆறட்டும்னு உக்காந்திருக்கலாம்." கொஞ்சம் பொறுத்துச் சேர்த்தார்: "நின்னிருந்தா."

அவர் நினைத்ததையே அவளும் நினைத்திருக்க வேண்டும். நிறுத்தினார் என்றால், மகள் வீட்டுக்கு வர மனமில்லாமல் செத்தார். நின்றது என்றால், வரத் துடித்துக்கொண்டு கூப்பிடு தூரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார், மகள் வீட்டுக்குள் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தபோது. இரண்டில் எது தேவலாம் என்று மெக்கானிக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் இரண்டாவதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தாள். வெப்பமானியின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாலம் வந்தது. ஏறினார்கள். இறக்கம். குளிர்பதனக் கிடங்கின் நீளமான மதில் இடப்பக்கமாகக் கூடவே வந்தது. அவள் இருக்கையின் விளிம்புக்கு வந்து, "நில்லு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். வண்டியிடம்.

"நில்லு. நில்லேன்."

என்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. சாலை ஓரத்தில் அந்த இடத்தில் இப்போது யாரோ ஒரு லாரியை நிறுத்தியிருந்தார்கள். அதைத் தாண்டினார்கள். மதில் முடிந்தது. தெருமுனை திரும்பி, அவள் காட்டிய வீட்டின் முன் மெக்கானிக் பிரேக்கை மிதித்தார். அந்தத் தெருவுக்கு அவரும் அன்றுதான் முதல் தடவை வருகிறார். அண்ணன் போகாத வீட்டுக்குத் தம்பி எப்படிப் போவது என்றே இத்தனை நாளும் இருந்துவிட்டார்.

"நிக்கல" என்றாள்.

"ஓடும்போது காத்து பட்டுக்கிட்டே வருது பாப்பா. சூடு ஏறாது. அன்னைக்குப் பாலத்துல நெரிசல் இருந்து, ஊர்ந்து ஊர்ந்து வந்திருந்தா..."

"இருந்துச்சா?"

"தெரியாது."

என்ஜினை அணைக்க மறந்து இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காற்று படாமல் பானெட்டுக்குள் வெக்கை சேர்ந்துகொண்டே போனது. அவள் கைப்பையை எடுத்துக் கதவைத் திறந்தபோது வண்டி ஒரு முறை உதறியது. இருமியது. செத்தது.

அவள் ஒரு காலைத் தரையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். பிறகு இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அழாத அழுகை. மெக்கானிக் அவள் தோளைத் தொடப் போய், கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டார். அந்த ஸ்டியரிங்கில் பிடித்துப் பிடித்து வழவழப்பான இடம் ஒன்று இருந்தது. அதன் மேல் தன் விரல்களைப் பொருத்திப் பார்த்தார். அண்ணன் செத்த நாளிலிருந்து ஆம்புலன்ஸ், காகிதம், சாப்பாடு என்று ஓடியவர், அண்ணன் உட்கார்ந்த இடத்தில் ஓட்டாமல், சும்மா உட்கார்ந்தது அப்போதுதான்.

சற்று நேரம் கழித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கனெக்டரின் தாழை அழுத்தி உருவினார். இருந்த ஒரே போல்ட்டைக் கழற்றினார். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகி இழுக்க, கறுப்பாய், கட்டைவிரல் அளவில் சென்சார் கையோடு வந்தது. புதியதன் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி அதே துளையில் அமுக்கி, போல்ட்டை அளவாக முடுக்கினார்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

சாவியைத் திருப்பினார். தொட்டதும் பிடித்தது. வெக்கையிலேயே வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

"அண்ணன் கேப்பான்" என்றாள். "என்ன சொல்லப் போறீங்க?"

"வண்டி நின்னுடுச்சுன்னு சொல்றேன். பொய் இல்லையே, ரெண்டு பேரும் பாத்தோமே."

"எங்க நின்னுச்சுன்னு கேட்டா?"

மெக்கானிக் பானெட்டைப் பிடித்திருந்த கம்பியை எடுத்து மடக்கினார். "கிடங்கு மதில்கிட்டன்னு சொல்லட்டுமா? நான் சொன்னா அவன் மறு பேச்சு பேச மாட்டான். கூடத்துல சொன்னத எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குவான்."

உள்ளே அவள் வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, வெளியே வரலாமா கூடாதா என்று தெரியாமல் திரையைப் பிடித்தபடியே நின்றார்.

"வேண்டாம் சித்தப்பா. அப்புறம் அவன் படுத்தா தூங்க மாட்டான். இப்ப நான் தூங்கலல்ல, போதும் ஒருத்தர்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலன்னு சொல்லுங்க. தெரியலதானே நமக்கு."

"ஆமா பாப்பா. தெரியல."

"உள்ள வாங்க. நீங்களாவது வாங்க."

அவர் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "கை கழுவத் தண்ணி குடு" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார்.