செக்ரட்டரி வீட்டு ஓட்டு

பத்தொன்பது வருஷமாக அந்தக் குடியிருப்புக்கு அவர்தான் செக்ரட்டரி. எதிர்த்து நிற்க யாருக்குத் தலையெழுத்து? ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு வீட்டுக்கு வீடு ஓர் அர்த்தம் இருந்தது. தரைத்தளத்தாருக்குச் செக்ரட்டரி என்றால் தண்ணீர். ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவருக்குக் கடவுள். சம்பந்திகூட அவரைச் செக்ரட்டரி சார் என்றுதான் கூப்பிடுவார். மனைவியைக் கேட்டால், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற ஆள் என்பாள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், புண்ணியவான்.

இந்த வருஷம் மூன்றாம் மாடி டீச்சர் போட்டிக்கு நின்றுவிட்டாள். பதவி போனால் தன்னை யார் தேடி வருவார்கள் என்ற கவலை அவருக்கு. மூன்று நாள் படியேறி இறங்கி ஓட்டுக் கேட்டார். தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

சுவருக்கு என்ன வண்ணம் என்பதுவரை எந்த ஓட்டெடுப்பானாலும் சீட்டுகளை எண்ணுவது செக்ரட்டரி. அதனால் அவர் வீட்டு ஓட்டை மனைவி போடுவாள். இந்தத் தேர்தலிலும் அந்த வழக்கத்தை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

மொத்தம் இருபத்து மூன்று வீடு. இருபத்திரண்டு சீட்டு பிரித்தபோது பதினொன்றுக்குப் பதினொன்று. கடைசிச் சீட்டைக் கையில் எடுத்ததும் அவருக்கு உயிர் வந்தது. நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்திருந்தது. தையல்காரியான அவர் மனைவி துணி ஓரத்தை மடிக்கிற அதே மடிப்பு. அப்பாடா என்று பிரித்தார்.

டீச்சர் பெயர் இருந்தது.

நாலு மாதத்துக்கு முன் மனைவிக்குக் கண் ஆபரேஷன். மோட்டார் ரிப்பேர் என்று போன் வந்ததும் அவளை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தவர் இவர். திரும்பிப் போனபோது அவள் கட்டோடு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்திருந்தாள். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தன் பெயரைச் சொன்னால் கேட்க நாதியில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, டீச்சர் என்று வாசித்தார்.

மறுநாள் காலை அவர் தட்டில் கை வைத்த நேரம் மணி அடித்தது. தரைத்தளத்துக்காரர். குழாயில் தண்ணீர் வரவில்லையாம், செக்ரட்டரி இருக்கிறாரா என்று கேட்டார். இவர் பாதி எழுந்துவிட்டார்.

"செக்ரட்டரி மூணாவது மாடியில இருக்காங்க," என்றாள் மனைவி. "இங்க என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் மறுபடி உட்கார்ந்து கேட்டார்.

"கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கண்ணு, சொல்லுங்க பாப்போம்."

அவருக்குத் தெரியவில்லை. சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.