ரஞ்சிதம் கொடுக்காத முடி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாளை காலை பத்து மணிக்கு என் மனைவி ரஞ்சிதத்தின் ஸ்கேன் ரிப்போர்ட் வரும். அதுவரை சும்மா உட்கார முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

[முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'தணிகை மலைமேல் மேகம் கவிந்திருந்த காலையில், கனகம்மாசத்திரத்து விவசாயி கஜபதி...' கஜபதியாவது மண்ணாங்கட்டியாவது. அது நான்தான். எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.]

2

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு மாரடைப்பு வந்தது. நான் பிழைத்தால் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொள்வதாக ரஞ்சிதம் வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். "பொழைக்க வெச்சது டாக்டரு. முருகனுக்கு எதுக்கு முடி?" என்று கேலி பேசிப் பேசியே அவளைப் போகவிடாமல் செய்தேன். போன மாசியில் அவள் மார்பில் கட்டி. மருந்து ஏற்றிய மூன்றாம் வாரமே தலைமுடி மொத்தமும் கொட்டிப்போயிற்று.

(எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நன்றாகத் தெரியும். இந்த வரியை நான்கு முறை அடித்து அடித்து எழுதினேன்.)

3

இன்று காலை அவளிடம் சொல்லாமல் மலைக்குப் போனேன். ஆட்டோக்கார வாஹித் பல வருடப் பழக்கம். "அக்காவுக்கு நான் துவா கேட்டுகினுதான் கீறேன் சார். நீங்க உங்க பக்கம் கேளுங்க" என்றான்.

மொட்டை போடும் இடத்தில் எல்லப்பன் என்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்.

"யாரு வேண்டுதல் சார்?"

"என் வீட்டம்மாவோடது."

"அப்ப அவங்கதான் குடுக்கணும். நீங்க குடுத்தா அது வேற வேண்டுதல்."

"அவகிட்ட முடி இல்லைங்க. மருந்துல கொட்டிப்போச்சு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வளரட்டும் சார். வளந்தப்புறம் இட்டுகினு வாங்க."

"வளருமா?"

"அத நான் எப்பிடி சார் சொல்றது?"

ஈரத் தலையோடு இறங்கி வந்தேன். வாஹித் என் தலையைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

4

முதல் முடிவு: ரிப்போர்ட் நன்றாக வருகிறது. முடி வளர்கிறது. தோள்வரை வளர்ந்ததும் இருவரும் மலைக்குப் போகிறோம். இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது முடிவு: ரிப்போர்ட்டில்

இதற்குமேல் கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சாமியை நம்பாதவனுக்கு ஒரு வாக்கியத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

5

ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்க அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்பதும் தெரியாது. இருந்தாலும் எனக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அப்படியும் கேட்கிறேன். அந்த இரண்டாவது முடிவை மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு முடி வளரட்டும்.