காத்துக்காரரின் மூக்கு

பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குக் காற்று அடிக்கிறவர் ஒரு தடவை தும்மினால் பெட்ரோல் விலை லிட்டருக்கு நாற்பது காசு ஏறும்; இரட்டைத் தும்மல் என்றால் எண்பது. இதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. பங்குக்கு எதிரே மாவும் மிளகாயும் அரைக்கிற மில்லை நடத்தியதால் ஊரில் அவளுக்கு மில்லுக்காரி என்று பேர், அவருக்குக் காத்துக்காரர் என்று பேர். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் தெருவைத் தாண்டி வருவார். மாவு ஓடுகிற நாளில் பேசாமல் வந்து உட்காருவார். மிளகாய் ஓடுகிற நாளில் வாசலிலேயே ஒன்று போடுவார். அவர் கைகழுவி முடிப்பதற்குள் எதிரே போர்டில் எண் மாறியிருக்கும். பெட்ரோல் ஏறினால் கூடவே டீசலும் ஏறும், மில் எஞ்சினோ டீசல் குடிக்கிற ஜாதி. ஆக, அவள் அரைத்த மிளகாய் புருஷன் மூக்கில் ஏறி, மூக்கிலிருந்து விலையில் ஏறி, சுற்றி வந்து அவள் எஞ்சினிலேயே விடிந்தது. அரவைக் கூலியை ஏற்றினாள். வாடிக்கைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அப்போதும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டினவன் மூக்கைப் பற்றி எவள் வெளியே போய்ப் பேசுவாள்?

பேசினது அவரேதான். ஓட்டைவாய் மனுஷன். நம்பமாட்டேன் என்றவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஒரு துரும்பை எடுத்து மூக்கில் விட்டு, தும்மிக் காட்டினார். அவர் மூக்கைத் துடைப்பதற்குள் போர்டு மாறிவிட்டது. அதுவரை விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் படித்தவர்கள் எங்கேயோ சண்டை என்பார்கள், எங்கேயோ கப்பல் நின்றுவிட்டது என்பார்கள், எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிறவர்கள் குழாயை மூடிக்கொண்டார்கள் என்பார்கள், வரி என்பார்கள். எல்லாம் நிஜம்தான், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதெல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இந்த மூக்கு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதனால் ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டது. விலையை இறக்க அந்த உடம்பில் ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார்கள். கொட்டாவி விடவைத்தார்கள், கிச்சுக்கிச்சு மூட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. விக்கலுக்கு மட்டும் பத்துக் காசு இறங்கியது, ஜனங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டது. பங்க் முதலாளி தன் நிலத்தடித் தொட்டி நிரம்பியிருக்கிற நாளாகப் பார்த்து மின்விசிறி இறக்கையில் மிளகுத்தூள் தூவ ஆரம்பித்தார். ஒருநாள் அவரே தும்மித் தும்மி மாட்டிக்கொண்டார். அவர் தும்மலுக்கு எதுவும் ஏறவில்லை, மானம்தான் இறங்கியது.

அதற்குமேல் ஊர்க் கமிட்டி கூடியது. ஒன்று மில்லுக்காரி மிளகாய் அரைப்பதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காத்துக்காரர் தூசி படாத இடத்தில் இருக்க வேண்டும். மிளகாயை நிறுத்தலாம் என்று ஒருத்தர் சொன்னதும் மற்றவர்கள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள்; காரமில்லாமல் எவன் சாப்பிடுவான்? எனவே பங்குக்கு மேலே இருந்த மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல்களை வலைத்துணியால் மூடி, வாசலில் ஒரு காவலாளியைப் போட்டு அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

"எல்லாம் ஊருக்காகத்தானே தங்கச்சி?" என்றார் பங்க் முதலாளி.

"ஊருக்காக உங்க பெண்டாட்டியை மாடியில பூட்டி வைங்களேன், பார்ப்போம்."

முதலாளி ஒரு கணம் யோசித்தார். அவர் யோசித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

வாரம் ஒருநாள் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்து எடுத்த புதுத் துணி உடுத்தி, நகக்கண்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தபிறகுதான் உள்ளே விடுவார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். உப்புச்சப்பில்லாத சாப்பாட்டில் அவர் வெளுத்துப் போயிருந்தார். ஒருதரம் அவள் புருவத்தில் மிளகாய்த்தூள் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. காவலாளி பார்க்கவில்லை, அவர் பார்த்துவிட்டார். சொல்லாமல் மெல்ல முன்னால் சாய்ந்து, சாய்ந்து, அவள் முகத்துக்கு நேரே போய் ஆசை தீர மூச்சை இழுத்தார். வந்த தும்மலில் மேஜையே நகர்ந்தது. அவளை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் அவர் குரல் கேட்டது: "பரவாயில்ல விடும்மா, நல்லாத்தான் இருந்துச்சு!" அந்த மாதம் முழுக்க அவளுக்கு அனுமதி இல்லை. அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அவர் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதற்கப்புறம் அவர் தும்மாததால் விலை இரண்டு வருஷம் ஆடாமல் அசையாமல் நின்றது. நின்றதும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பெரிய வண்டி வாங்கினார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கெல்லாம் எஞ்சினை முடுக்கினார்கள். மில்லுக்காரி மில் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். இவர்கள் பெட்ரோலை விடாதவரை தன் புருஷனையும் விடமாட்டார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கமிட்டியில் போய், வெயிலிலும் காற்றிலும் ஓடுகிற மாதிரி வண்டிகளையும் எஞ்சின்களையும் மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டாள். சிரித்தார்கள். "சூரியன் சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடும்க்கா, அப்புறம் என்ன பண்றது?" என்றான் ஆட்டோக்காரன். "என் வீட்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வந்தவள் நேராகத் தன் தம்பியிடம் போனாள். தம்பி வெல்டர். பழைய டீசல் பீப்பாய்களை வெட்டி இறக்கை செய்து, மில் கூரைமேல் இரும்புக்கால் நட்டு, ஒரு காற்றாடியை நிறுத்தினான். எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டை அதில் மாட்டினார்கள். மாவு ஓடியது. காற்று விழுந்த நாளில் மில்லுக்கு விடுமுறை. அடித்த நாளில் மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. காற்றாடி வந்த பிறகு அவளுக்குக் காற்றின் ஒவ்வொரு திசையும் அத்துப்படி. மேற்கே இருந்து மேல்காற்று அடித்தால் தெரு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மிளகாய் போட வேண்டும், இல்லாவிட்டால் தூள் மொத்தமும் நேரே பங்குக்குத்தான் போகும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலை மேல்காற்று பேய்த்தனமாக அடித்தது. அவள் மூட்டை மூட்டையாக மிளகாயைக் கொட்டினாள், தெரு ஜன்னலைப் பப்பரப்பா என்று திறந்து வைத்தாள்.

"அக்கா, மிளகாய் ஓடுது. ஜன்னல் திறந்திருக்கு."

"புழுக்கமா இருக்குடா."

காற்றில் அவள் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. தம்பி அதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கூரைக்கு ஏறிப்போய் இறக்கைக்கு எண்ணெய் விட்டான்.

சிவப்பாக ஒரு மேகம் தெருவைத் தாண்டி, வலைத்துணியைத் துச்சமாக மதித்து, மாடி அறைக்குள் நுழைந்தது. ஊரே தும்மியது, அது கணக்கில் வரவில்லை. காத்துக்காரர் தும்மியது வந்தது. பல நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து மத்தியானம்வரை தும்மினார். போர்டில் எண்களுக்கு இடம் போதாமல் அட்டை எழுதிக் கட்டினார்கள், பிறகு அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை. ஒருத்தன் ஸ்கூட்டரைக் கொடுத்து ஒரு லிட்டர் வாங்கிவிட்டு, அதை எதில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான். மில்லுக்காரியை உதைக்க ஒரு கூட்டம் கிளம்பியது. ஆனால் நடந்து வர வேண்டியிருந்தது, நடக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது, வந்து சேர்ந்தபோது உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. அவள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மேலே காற்றாடி யாரையும் ஒரு சொட்டுக் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆட்டோக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "தம்பி, எனக்கு ஒண்ணு செஞ்சு தர எவ்வளவு நாளாகும்?"

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. கூரைகளில் சூரியத் தகடு வந்தது, ஆட்டோக்கள் பேட்டரிக்கு மாறின, பஸ் மாறியது. உன் மாடி நிழல் என் தகட்டில் விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மேகம் மூடினால் முணுமுணுத்தார்கள், பேட்டரி விலைக்கு வாயில் அடித்துக்கொண்டார்கள், ஆனால் பழைய வண்டிக்குத் திரும்பவில்லை. பங்க் முதலாளி பெட்ரோல் குழாய்களைப் பிடுங்கிவிட்டு வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற கம்பங்களை நட்டார். காற்றையும் வெயிலையும் பற்றித் தான் அப்போதே சொன்னதாகக் கூட்டங்களில் பேசினார். இந்த அமளியில் மாடி அறையை எல்லோரும் மறந்தே போனார்கள். காவலாளியும் சொல்லிக்கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். வார முறைக்குக் குளித்துத் தேய்த்துக்கொண்டு போன மில்லுக்காரி, கதவு சும்மா சாத்தியிருப்பதைப் பார்த்து, அவர் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

நடுத்தெருவில் அவருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்தி, பயந்துபோய் நாலு பக்கமும் பார்த்தார், முடியவில்லை, போட்டுவிட்டார். எங்கெங்கோ தூர தேசங்களில் விலை எகிறியது, அமைச்சர்கள் அவசரமாகக் கூடினார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. தெருவில் ஒரு தலை திரும்பவில்லை. ஆட்டோ ஒன்று சத்தமில்லாமல் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"பார்த்தியாம்மா? ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கலை."

"நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று அவள் தன் கையாலேயே அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். "இன்னொண்ணு வரும்போல இருக்கு. அடக்காதீங்க, நல்லாத் தும்முங்க."

அவர் நன்றாகவே தும்மினார். இரண்டு பேரும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.