பாட்டில் சாரின் கடைசித் தட்டு

சுவரோரம் மண்டியிட்டு, பிடுங்கிப் போடப்பட்டிருந்த ஒயரைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. விடிந்ததிலிருந்து வராத அழுகை. அப்பாவின் சூட்டுப்பெட்டி மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது.

“யாரு இதப் பிடுங்கினது?”

அண்ணன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். “நான்தான். குளிர்பெட்டிக்கு வேற பிளக் எங்க இருக்கு? அப்பா படுத்திருக்கிற பெட்டி முக்கியமா, இந்தத் தெர்மாகோல் டப்பா முக்கியமா?”

“எத்தன மணிக்கு?”

“எட்டு இருக்கும். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெட்டி சூடில்லாமல் கிடந்திருக்கிறது.

அப்பா நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் வெள்ளிதோறும் பதினொரு மணிக்கு ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வருவார். அதில் சிறிதளவைத் தட்டில் விட்டு, குண்டு பல்பு எரியும் அந்தப் பெட்டிக்குள் வைப்பார். சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தட்டைத் திறந்து, அந்தச் சூட்டில் கிருமிகள் வளர்ந்து உண்டாக்கிய நீலப் புள்ளிகளை எண்ணுவார். பத்துக்குள் இருந்தால் படித்துறையில் பச்சைப் பலகை, தாண்டினால் சிவப்பு. நீச்சல் பழகும் பிள்ளைகள் பலகையைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். ஊரில் அவருக்குப் பெயரே பாட்டில் சார். பார்வை மங்கிய பிறகு இரண்டு வருடமாக அவள்தான் எண்ணிச் சொன்னாள்.

நேற்றும் தண்ணீர் எடுத்தார். படியேறி வரும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். “நாளைக்குப் பதினொண்ணு, மறந்துடாத” என்று இரவு சொல்லிவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

அவளும் மறந்துதான் போயிருந்தாள். நீச்சல் மாஸ்டர் வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்ட பிறகே நினைவு வந்தது.

“நாப்பது பசங்களும் பன்னெண்டு மணிக்கு ஆத்தக் குறுக்க நீந்தி, ஆளுக்கொரு பூ விடப் போறாங்க. சாருக்கு எங்களால முடிஞ்ச மரியாத இதான்.”

அண்ணன் தலையாட்டினான். மாஸ்டர் போன கையோடு அவள் இந்த அறைக்குள் வந்தாள்.

இப்போது கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டிமுன் உட்கார்ந்தாள். மூடியின் உட்புறம் அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி ஒட்டியிருந்தது: கண்ணால் பார்த்துச் சொல்லாதே. எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில், தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று தட்டைத் திறக்காமலே பச்சைப் பலகையை மாட்டிவிட்டுப் போனார். அன்று ஆற்றில் இறங்கிய மாஸ்டரின் ஆறு வயது மகள் இருபது நாள் காய்ச்சலில் கிடந்தாள். அந்த இருபது நாளும் அப்பா சாயங்காலம் தவறாமல் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அந்த வரியை அப்பா எழுதி ஒட்டியது அதற்குப் பிறகுதான்.

தட்டைத் திறக்குமுன் அவர் எப்போதும் முணுமுணுக்கும் பிரார்த்தனையை அவளும் சொன்னாள். “கடவுளே, உள்ளத உள்ளபடி காட்டு.”

ஒரு புள்ளியை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, தட்டின் அடியில் பேனாவால் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பத்தைத் தாண்டியும் புள்ளிகள் மிச்சமிருந்தன. இருபத்து மூன்றில் நின்றது. மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்றுதான்.

குறைவாக வந்திருந்தால் நம்ப முடியாது, சூடு போதாமல் வளரவில்லை என்றாகியிருக்கும். மூன்று மணி நேரம் ஆறிக் கிடந்தும் இத்தனை என்றால், சந்தேகப்பட ஒன்றுமில்லை. தட்டை மூடி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இப்படிப் பிணத்தப் போட்டுக்கிட்டு எங்கடி கிளம்புற?” என்று அத்தை குரலை உயர்த்தினாள்.

“ஆத்துக்கு, அத்த. அர மணி நேரத்துல வந்துடுவேன்.”

“அவங்க அப்பாவுக்காக நீந்துறாங்க. அதப் போய்த் தடுப்பியா?” அண்ணன் வழியை மறித்தான். “ஊரு என்ன சொல்லும்?”

“அப்பாவுக்காக நீந்தி நாலு பிள்ளைங்க படுத்துட்டா, அப்ப ஊரு என்ன சொல்லும்ண்ணா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்புப் பலகையை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து மகளின் கையில் கொடுத்தாள். அண்ணன் ஒதுங்கிக்கொண்டான்.

படித்துறையில் பிள்ளைகள் தொப்பி மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. முதல் வரிசையில் மாஸ்டரின் மகள், இப்போது பதினாலு வயது, கையில் வெள்ளைப் பூவோடு நின்றாள். பலகையைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மாறியது.

“வேணாம்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடும்மா. பசங்க காலையிலேருந்து அழுதுக்கிட்டே இருக்காங்க. நீந்தினாத்தான் அதுங்க மனசு ஆறும். தண்ணியப் பாரு, காசப் போட்டா அடியில தெரியும்.”

தண்ணீர் அப்படித்தான் இருந்தது. வெயில் அடிவரை இறங்கியிருந்தது. அவளுக்கே ஒரு கணம் மனம் தடுமாறியது.

“கண்ணால பாத்துச் சொல்லக் கூடாது, மாஸ்டர்.” டப்பாவைத் திறந்து தட்டை நீட்டினாள். “அப்பா நேத்து எடுத்தது. இருபத்தி மூணு. அதுவும் மூணு மணி நேரம் பெட்டி ஆறிக் கிடந்து.”

மாஸ்டர் தட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

“யாரும் இறங்கக் கூடாது. துணிய மாத்துங்க.”

“பாட்டில் சார் செத்தும் விட மாட்டேங்கிறாருடா” என்று பின்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது. மாஸ்டர் சுற்றிலும் முறைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பலகை மாட்டும் கொக்கி உயரத்தில் இருந்தது. அவள் எக்கியும் எட்டவில்லை. மாஸ்டரின் மகள் பூவைப் படியில் வைத்துவிட்டு வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி மாட்டினார்கள். தேதியும் நேரமும் எழுதும் இடத்தில் அவள் சாக்பீஸால் எழுதினாள். சோதித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி, எண்ணியவர் என்று அதன் கீழே தன் பெயரையும் சேர்த்தாள்.

வீட்டு வாசலில் அம்மா சோப்போடும் ஒரு சொம்புத் தண்ணீரோடும் நின்றிருந்தாள். ஆற்றுக்குப் போய்வந்தவர்கள் முழங்கைவரை கழுவாமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அம்மா ஊற்ற ஊற்ற அவள் கழுவினாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் நெற்றியைத் தொட்டாள்.

மூன்று மணிக்கு அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, “அந்தப் பெட்டிக்குத் தனியா ஒரு பிளக் போட்டுடலாம்” என்றான். அவள் தலையாட்டினாள்.

பாலத்தில் ஏறியபோது வண்டி மெதுவாகச் சென்றது. அவள் கீழே பார்த்தாள். சிவப்புப் பலகையின் கீழே பூக்கள் குவிந்திருந்தன. ஆற்றில் ஒருவரும் இல்லை; பிள்ளைகள் கரையில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் படியோரம் வெறுமனே வரிசையாகக் கிடக்கும் நாற்பது ஜோடிச் செருப்புகளிலும் இன்று கால்கள் இருந்தன.