காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை

1

இந்தக் கதை என் உள்ளத்தில் உதித்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் உதித்தது. பழைய கார்களுக்கென்று சிறப்பிதழ் போடுகிறார்களாம். உங்கள் தேனிப் பக்கம் யாராவது பழைய கார் வைத்திருப்பாரே, மனசைத் தொடுகிற மாதிரி எழுதுங்கள் என்றார். மனசு எங்கே இருக்கிறது என்று காட்டினால் தொடுவதற்கு எனக்கென்ன?

உத்தமபாளையத்தில் என் அடுத்த வீட்டுக்காரர் சுந்தரலிங்கம். திராட்சைத் தோட்டக்காரர். வெள்ளை நிறத்தில் பழைய பியட் ஒன்று வைத்திருக்கிறார். மனைவி பெயர் முனீஸ்வரி. இது போதுமென்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "மேற்கு மலையின் மடியில் மேகங்கள் தவழ, அந்த வெண்ணிறப் பியட்..."

சீச்சீ.

இரண்டாம் தொடக்கம்: "கார் என்பது வெறும் இரும்பல்ல. அது ஒரு தலைமுறையின்..."

தலைமுறையின் என்ன? எனக்கே தெரியவில்லை. வேண்டுமானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தொடக்கம்: "சுந்தரலிங்கத்தின் காரில் கண்ணாடி ரப்பர் போய்விட்டது."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கார்க் கதவிலும் கண்ணாடி ஓரத்திலும் காற்றும் மழையும் புகாமல் ரப்பர் பட்டை ஓடும். ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பீடிங் என்று பெயர். சுந்தரலிங்கத்தின் பீடிங் வெயிலில் காய்ந்து முறுக்கு மாதிரி ஒடிந்து, பாதி ரோட்டில் விழுந்துவிட்டது. வண்டி கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், காற்று உள்ளே புகுந்து ஊளையிடும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் வாய் அசைவது மட்டும் தெரியும்.

மாற்றச் சொன்னால் ஒரிஜினல்தான் வேண்டும் என்பார். கம்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லப்பாண்டி நல்ல ரப்பராக மீட்டர் கணக்கில் வாங்கிவந்து காட்டினார். சுந்தரலிங்கம் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று குறை சொன்னார். வேறொன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அதில் கறுப்பு போதவில்லையாம். கடைசியில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை நீளவாக்கில் கீறி, தானே ஒட்டினார். குழாயில் இருந்த ஓட்டைகள் வழியாகக் காற்று நாதஸ்வரம் வாசித்தது. அவருக்கு அதில் பரம திருப்தி.

[இங்கே நீங்கள் சிரிக்க வேண்டும். நானும் சிரித்தேன். நல்ல கிறுக்கன் ஒருவன் கதைக்குக் கிடைத்தான் என்று கையைத் தேய்த்துக்கொண்டேன்.]

3

அப்புறம்தான் இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. எஞ்சினில் சின்னதாக ஒரு தட்டல் கேட்டாலே சோறு இறங்காத மனுஷன், இந்த ஊளையை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்?

பதில் முனீஸ்வரி அக்காவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் காரில் கூடலூர் வரை போவார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூடலூரைத் தாண்டி மலை ஏறினால் கேரள எல்லையில் குமுளி. அங்கே இவர்களுடைய ஒரே மகள் பாண்டீஸ்வரி இருக்கிறாள். அனுமந்தன்பட்டி அமல்ராஜை அவளாகவே கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அப்பன் மகளோடு பேசவில்லை. பேத்தி பிறந்து நடக்கவும் ஆரம்பித்தாயிற்று. இருவருமே இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை.

(ஓர் இடைச்செருகல்: மருமகனை மலையாளியாக்க எனக்குக் கொள்ளை ஆசை. எல்லை, மொழி, பண்பாடு என்று நாலு பக்கம் ஓட்டலாம். ஆனால் பையன் பக்கத்து ஊர். இதே தண்ணியைக் குடித்து வளர்ந்தவன். கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போனான், அவ்வளவுதான். கோபத்துக்கு இவ்வளவு சின்னக் காரணத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கோபப்பட்டவருக்கு இல்லை.)

"கூடலூர் வரவும், இன்னும் கொஞ்சம் மேல போவமானு கேப்பேன் தம்பி. காத்துச் சத்தத்துல கேக்கலம்பாக" என்றார் அக்கா.

வீட்டில் வைத்துக் கேட்க வேண்டியதுதானே என்றேன்.

"வீட்டுல மக பேரை எடுத்தா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவாக. ஓடுற வண்டியில எந்திரிச்சுப் போக முடியாதுல்ல?"

தனியாகப் போய்ப் பார்க்கலாமே என்றதற்கு, ரெண்டு பேருமாகப் போனால்தான் பிள்ளைக்கு மரியாதை, தான் மட்டும் போனால் திருட்டுத்தனமாக வந்த மாதிரி இருக்கும் என்றார்.

4

பிரேக் பார்ப்பதற்காகக் கார் செல்லப்பாண்டியிடம் போயிருந்தபோது அக்கா அவருக்குப் போன் போட்டார். ரப்பரையும் மாற்றிவிடச் சொன்னார். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு. செல்லப்பாண்டி காய்ந்த ரப்பரையும் சொட்டுநீர்க் குழாயையும் சுரண்டி எடுத்தார். துருவைத் தேய்த்து, பசை தடவி, எல்லாக் கதவுக்கும் புதுப் பீடிங் வைத்து அழுத்தினார்.

வண்டியெடுக்க வந்த சுந்தரலிங்கம் கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். யார் சொல்லி மாற்றினாய் என்று கேட்டார். அக்காதான் என்றார் செல்லப்பாண்டி. சுந்தரலிங்கம் வண்டியில் ஏறிவிட்டார். பிய்த்தெறியலாம். ஆனால் அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தாலே துடிக்கிற ஆள், ஒட்டிய ரப்பரைப் பிய்ப்பாரா?

5

அடுத்த ஞாயிறு நானும் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன். கதைக்குத் தகவல் சேகரிக்க என்று சொன்னேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

(அ) குமுளி, பேத்தி, கண்ணீர். ஆசிரியருக்குப் பிடிக்கும்.
(ஆ) டீ, திரும்பல், மௌனம். விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.
(இ) டயர் பஞ்சர். ஒருவருக்கும் பிடிக்காது, எழுதச் சுலபம்.

கண்ணாடிகளை ஏற்றியதும் உள்ளே அப்படியொரு அமைதி. என் வயிறு இரைவது எனக்கே கேட்டு வெட்கமாகிவிட்டது. கம்பம் தாண்டியது. கூடலூர் வந்தது. அக்கா கத்தவில்லை, சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேல போவமா?"

சுந்தரலிங்கத்தின் கை, கண்ணாடி இறக்கும் பிடிக்குப் போனது. அக்கா அந்தக் கையையே பார்த்தார். கை ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட்டது.

"கேட்டுச்சு. வர முடியாது."

"அப்ப நிப்பாட்டுங்க" என்றார் அக்கா.

நிறுத்தினார். அக்கா இறங்கினார். ரோட்டோரம் குமுளி, குமுளி என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஜீப்பில், சந்தைப் பைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

என்னுடைய (அ), (ஆ), (இ) மூன்றிலும் அக்கா சீட்டை விட்டு அசையவே இல்லை. அவர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார், முடிவெடுப்பது சுந்தரலிங்கம்தான் என்று நானாக நினைத்திருக்கிறேன். பெரிய எழுத்தாளன்!

6

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரலிங்கம் ஜீப் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு உள்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்களைத்தான கதையா எழுதுறீக? அதுல நான் என்ன பண்றேன்?"

போங்கண்ணே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். அதைத்தான் கேட்டார், சத்தியமாக அதைத்தான் கேட்டார். நானோ தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"முடிவை வாசகர் கையில விட்ருவோம்னு இருக்கேன்ணே."

"வாசகரா வண்டி ஓட்டுறாரு?" என்றார். "இறங்குங்க."

இறங்கினேன். கார் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கத்தான் செய்தேன். ஆசிரியர் போன் போட்டுப் போட்டுக் கேட்கிறார், என்னதான் ஆச்சு என்று. எழுத மாட்டேன். போகச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராதவனுக்கு, அவர் போனாரா இல்லையா என்று எழுத மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறது?