காலையில் பார்த்த டாக்டர்

சளிக்கும் சாதாரண இருமலுக்கும் ஆன்டிபயாடிக் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, டாக்டர் ஜெயகிருஷ்ணன் காலையில் ஒரு மனிதர், மாலையில் வேறு மனிதர். காலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினார் என்பதை மாதந்தோறும் செங்கல்பட்டில் நடக்கும் மாவட்ட டாக்டர்கள் கூட்டத்தில் சதவீதமாகத் திரையில் போடுவார்கள். மாலையில் கருங்குழி கடைத்தெருவில் சொந்த கிளினிக். அங்கே திரையும் கிடையாது, சதவீதமும் கிடையாது. பழைய குருடி கதவைத் திறடி கதைதான். தும்மினவனுக்கும் ஆன்டிபயாடிக்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வெறும் கையோடு அனுப்பினால் நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போவார். மறுமுறை குடும்பத்தையே அங்கே கூட்டிப் போவார். கடைத்தெரு டாக்டர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் செங்கல்பட்டுக் கூட்டத்தில் அவர் சதவீதம்தான் எல்லோரையும்விடக் குறைவு. கைதட்டினார்கள். அவரும் கூச்சமில்லாமல் வணக்கம் வைத்தார்.

அந்த வாரம் ரேணுகா தன் மூன்று வயது மகள் திவ்யாவைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தாள். மூக்கொழுகல், இருமல், காய்ச்சல். ரேணுகாவுக்குக் காய்ச்சலைவிட மருந்தின் மேல்தான் பயம். போன தடவை இதே மாதிரி சளிக்கு யாரோ எழுதிய ஆன்டிபயாடிக் சிரப்பில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றித்தான் மீட்டார்கள்.

"அந்த சிரப்பு மட்டும் வேணாம் சார்," என்றாள்.

ஜெயகிருஷ்ணன் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். தொண்டை, காது எல்லாம் பார்த்தார்.

"தேவையே இல்லம்மா. இது வைரஸ் சளி. அந்த மருந்து இதுக்கு வேலை செய்யாது, வயித்தைத்தான் கெடுக்கும். காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தர்றேன். கஞ்சி, தண்ணி நிறைய குடு. மூச்சு வாங்கினாலோ, எதுவும் குடிக்கலன்னாலோ உடனே தூக்கிட்டு வா. இல்லன்னா மூணு நாள் பொறுத்துப் பாரு."

வரிசை வாசல்வரை நின்றும் பொறுமையாகத்தான் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையை அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவர் என்பதுதான் எரிச்சல்.

மாலையில் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த அவள் புருஷன் வெங்கடேசன், குழந்தையின் உடம்பு சுடுவதைத் தொட்டுப் பார்த்துக் கத்தினான்.

"கவர்மெண்ட்ல அப்டித்தான் சொல்லுவாங்க. டப்பு குடுத்தாத்தான் அதே டாக்டரு கையிலேந்து நல்ல மருந்து வெளிய வரும். கெளம்பு."

ரேணுகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் விழவில்லை.

கருங்குழி கிளினிக்கில் கூட்டம். ஜெயகிருஷ்ணன் மறுபடியும் ஸ்டெதஸ்கோப் வைத்தார். காலையில் இருந்ததுதான், கூடவுமில்லை, குறையவுமில்லை.

"இன்னா சார், நல்ல மருந்தா எழுதுங்க. புள்ள படுத்துகினே கீது," என்றான் வெங்கடேசன். டாக்டரின் பேனா பழக்கதோஷத்தில் ஓடியது.

சீட்டை ரேணுகா வாங்கினாள். "இது அந்த சிரப்பா சார்?"

"ஒரு பாதுகாப்புக்கு."

அவள் சீட்டை மேசைமேல் வைத்தாள். "வேணாம் சார். காலைல ஒரு டாக்டரு பாத்தாரு. மூணு நாள் பொறுன்னாரு. நான் அவரு சொன்னதையே கேட்டுக்கறேன்."

"அவருதான்டி இவரு!" என்றான் வெங்கடேசன்.

"தெரியுது. கண்ணா அவிஞ்சி பூடுச்சு எனக்கு?" அவள் டாக்டரைப் பார்த்தாள். "காலைல எங்ககிட்டேந்து உங்களுக்கு ஒண்ணும் வரவேண்டியதில்ல. அதான் நெசத்த சொன்னீங்க."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஜெயகிருஷ்ணனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் திட்டாமல் போனது வலித்தது. வெங்கடேசனுக்குக் குழப்பம். சீட்டை எடுத்து நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க சார். குடுக்கணுமா, வேணாமா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அவர்களையும் பார்த்தார்.

"வேணாம்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து செருப்பை மாட்டினார்கள்.