ஏழாம் பக்கம்

"மங்கலாத் தெரியுதுன்னு மட்டும் சொல்லுக்கா. போதும்," என்றான் தம்பி.

"தெரியலையேடா."

"வெளிச்சமாவது?"

"அதுவும் இல்ல. உனக்கு மூச்சு வாங்குறது மட்டும் நல்லாக் கேக்குது. என்ன பண்ணித் தொலைச்ச?"

சபையின் மாத இதழைத் தயாரிப்பவன் அவன். குணமாக்கும் ஆராதனை இன்றைக்கு; இதழ் அச்சுக்குப் போனதோ போன புதன்கிழமை. ஏழாம் பக்கத்தில், குணமடைந்ததைச் சாட்சியாக எழுத ஆள் கிடைக்கவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பார்வை வந்துவிடுமென்று, வருவதற்கு முன்பே எழுதிப் படத்தோடு போட்டுவிட்டான். ஆராதனை முடிந்ததும் கொடுக்க, ஆலய வாசலில் இதழ்கள் கட்டுக்கட்டாகக் காத்திருந்தன.

"வாசி, கேப்போம்."

"'இருண்டு கிடந்த என் வாழ்வில் ஒளி பிறந்தது. இன்று ஊசியில் நானே நூல் கோர்க்கிறேன்...'"

"அதை இப்பவும் நான்தானேடா கோக்கிறேன்? ஊசிக் காதை நாக்கு நுனியில தடவி."

தையல் கடையில் முப்பது வருஷமாகப் பித்தான் துளைக்குக் காஜா எடுப்பவள் அக்கா. பார்வை போய் இரண்டு வருஷமாகியும், அவள் தொட்ட சட்டை ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இருண்டு கிடந்த வாழ்வாம்.

"விசுவாசத்துல போட்டேன்க்கா. இப்ப என் மானமே போயிடும்."

"உன் விசுவாசத்துக்கு உன் கண்ணைப் பத்தி எழுது. என் வாயில பொய்யை வைக்காத."

அவள் பேரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். போதகர் அவள் இமைகளில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்தார். அவளும் மனசார வேண்டினாள். ஆசை யாரை விட்டது? கண்ணைத் திறந்தாள். அதே இருட்டு. இரண்டு வருஷமாக அந்த இருட்டில் அவளோடு இருந்த ஆண்டவரும் அங்கேயே இருந்தார்.

"என்னம்மா தெரியுது?" மைக் வாயருகே வந்தது.

"ஒண்ணும் தெரியல, பாஸ்டர்."

போதகர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "சந்தேகப்பட்டா ஆண்டவர் எப்படிம்மா செய்வார்? விசுவாசத்தோட சொல்லுங்க."

அவள் மைக்கைத் தடவிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"விசுவாசம் இல்லாமயா பாஸ்டர், இத்தனை பேர் முன்னால தெரியலைன்னு சொல்றேன்? எனக்குக் கண்ணு தெரியல. அவரைத் தெரியுது. ரெண்டும் நிஜம். ஒண்ணைக் காட்ட இன்னொண்ணை மறைக்க மாட்டேன். தம்பி, அந்த ஏழாம் பக்கத்தைக் கிழிச்சிட்டுக் குடு."

"அதோட பின்பக்கம் பாஸ்டர் எழுதின செய்தி இருக்குக்கா."

"அப்ப அதுவும் போகட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

ஆராதனை முடிந்ததும் அக்காவும் தம்பியும் வாசற்படியில் உட்கார்ந்து கிழித்தார்கள். அவன் கிழித்தது கோணலாக வந்தது. அவள் மடிப்பை விரலால் நீவிக் கிழித்தது நூல் பிடித்தாற்போல் வந்தது.

இதழை வாங்கிய ஒருவர் புரட்டிப் பார்த்தார். "ஏழாம் பக்கம் எங்கம்மா?"

"அது இன்னும் நடக்கல," என்றாள். "அடுத்தவங்களுக்கு வழி விடுங்க."